கிளைகளின் கதை: பிரிவது எளிது, சேர்வதுதான் கடினம்

வணிகவியல் மாணவர்களிடம் "கிளை" என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கிளைக் கணக்குதான். தலைமை அலுவலகம் ஒரு பக்கம், கிளை ஒரு பக்கம். இரண்டும் தனித்தனியாகப் பேரேடு எழுதும். ஆண்டு முடிவில் இரண்டையும் சேர்த்து ஒரே இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்க வேண்டும். அப்போதுதான் தலைவலி தொடங்கும். தலைமை அலுவலகம் அனுப்பிய சரக்கு இன்னும் வழியில் இருக்கும். கிளை அனுப்பிய பணம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. ஒரே செலவை இருவரும் எழுதியிருப்பார்கள், அல்லது இருவருமே எழுதாமல் விட்டிருப்பார்கள். கிளை திறக்க ஒரு நாள் போதும். கணக்கைச் சரிகட்டத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

கணினி நிரல் எழுதுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்களும் அதைக் கிளை என்றுதான் சொல்கிறார்கள். இந்தத் தலைவலிக்கு மருந்து தேடிய கதை 1972இல் தொடங்கி இன்று வரை நீள்கிறது. அதில் ஒரு பெரிய சண்டை உண்டு, பதினைந்தே நாளில் பிறந்த ஒரு கருவி உண்டு, 45 நிமிடத்தில் 46 கோடி டாலரைத் தொலைத்த ஒரு நிறுவனமும் உண்டு.

கிளை எதற்கு?

ஒரு பெரிய மென்பொருளின் மூலநிரல் என்பது ஆயிரக்கணக்கான கோப்புகள். அவற்றைப் பலர் ஒரே சமயத்தில் திருத்துவார்கள். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று குறித்து வைக்கும் கருவிக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பெயர். கணக்கியல் மொழியில் சொன்னால் அது நிரலின் குறிப்பேடு. குறிப்பேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போட வேண்டும் அல்லவா? இங்கும் அதே விதிதான். பழைய பதிவு அப்படியே இருக்கும், அதன் மேல் புதிய பதிவு வரும்.

இப்போது ஒரு சூழ்நிலை. ஒரு மென்பொருளின் முதல் பதிப்பு வாடிக்கையாளர்களிடம் போய்விட்டது. இரண்டாம் பதிப்பு பாதி வேலையில் கிடக்கிறது. திடீரென்று முதல் பதிப்பில் ஒரு பிழை தெரிய வருகிறது. உடனே திருத்தி அனுப்ப வேண்டும். ஆனால் பாதி வெந்த இரண்டாம் பதிப்பை அதோடு சேர்த்து அனுப்ப முடியாது. எனவே நிரலின் வரலாறு இரண்டு வழிகளாகப் பிரிகிறது. முக்கிய வழிக்கு அடிமரம் என்று பெயர், பிரிந்து போகும் வழிக்குக் கிளை என்று பெயர்.

பிரிந்தாயிற்று. எப்படிச் சேர்ப்பது? ஒரு கடைக்கு வடக்குக் கிளை, தெற்குக் கிளை என்று இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று இருவரும் ஒரே விலைப்பட்டியலை நகலெடுத்துச் செல்கிறார்கள். மாத முடிவில் வடக்கின் பட்டியலில் சோப்பு 22 ரூபாய், தெற்கின் பட்டியலில் 20 ரூபாய். எது சரி? இந்த இரண்டு பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. ஏப்ரல் 1 பட்டியலை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அதில் 20 என்று இருந்தால் மாற்றியவர் வடக்கு, ஆகவே 22தான் புதிய விலை. அதில் 22 என்று இருந்தால் விலையைக் குறைத்தவர் தெற்கு. இரண்டு கிளைகளையும் அவை பிரிந்த இடத்தையும் வைத்து ஒப்பிடும் இந்த முறைக்கு மும்முனை இணைப்பு என்று பெயர். பழைய விலை 20 ஆக இருந்து, வடக்கு 22 என்றும் தெற்கு 21 என்றும் மாற்றியிருந்தால்? அதற்குப் பெயர் முரண். எந்தக் கருவியாலும் அதைத் தீர்க்க முடியாது. இரு கிளை மேலாளர்களும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். சேர்வதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது, எங்கே பிரிந்தோம் என்ற நினைவு. அடுத்த முப்பது ஆண்டுகளின் வரலாறே இந்த நினைவைத் தேடிய வரலாறுதான்.

பூட்டும் சாவியும் (1972 - 1982)

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972இல் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை உருவாக்கினார். மூலநிரலின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே கோப்பில் அடக்கி, வேண்டிய பதிப்பை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுத்த முன்னோடி இது. 1975இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளியாக இன்றும் மதிக்கப்படுகிறது.

பத்து ஆண்டுகள் கழித்து, பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி 1982இல் ஆர்சிஎஸ் என்ற கருவியை வெளியிட்டார். இவர் ஒரு நுட்பமான மாற்றம் செய்தார். பெரும்பாலும் எல்லோருக்கும் தேவைப்படுவது கடைசிப் பதிப்புதானே? அதனால் கடைசிப் பதிப்பை முழுதாக வைத்துவிட்டு, பழைய பதிப்புகளுக்குச் செல்லும் வித்தியாசங்களை மட்டும் பின்னோக்கிச் சேமித்தார். அடிமரத்தின் நுனி சட்டென்று கிடைத்தது.

ஆனால் கிளைகளின் கதி? ஒரு கிளையின் நுனியை எடுக்க, முதலில் அடிமரத்தில் பின்னோக்கி நடந்து கிளை பிரிந்த இடத்துக்குப் போக வேண்டும். பிறகு அங்கிருந்து கிளை வழியாக முன்னோக்கி நடக்க வேண்டும். அதாவது சேமிக்கும் முறையிலேயே அடிமரத்துக்கு முதல் மரியாதை, கிளைக்கு இரண்டாம் இடம். கிளைகளுக்கு 1.2.1.1 என்பது போல நீளமான எண்களைக் கொடுத்தார்கள். கிளையிலிருந்து இன்னொரு கிளை பிரிந்தால் எண் இன்னும் நீளும்.

அந்தக் காலத்தில் கிளை பெரிதாகத் தேவைப்படாததற்கு இன்னொரு காரணம் பூட்டு. ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமானால் அதைப் பூட்டி எடுக்க வேண்டும். ஒருவர் வைத்திருக்கும்போது மற்றவர் திருத்த முடியாது. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள புத்தகத்தை ஒருவர் எடுத்துப் போனால் மற்றவர்கள் காத்திருப்பது போலத்தான். பூட்டி எடுத்தவர் விடுமுறையில் போய்விட்டால் கதை கந்தல்!

மூவர், மூன்று நேரம் (1984 - 1990)

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் டிக் குரூனே என்ற ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து 1984இல் ஒரு சி மொழிமாற்றியை எழுதத் தொடங்கினார்கள். ஒரு மாணவர் ஒழுங்காக ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர். இன்னொருவருக்கு நேரக் கணக்கே கிடையாது. ஆசிரியருக்கோ மாலையில்தான் ஓய்வு. பூட்டு முறையை வைத்துக்கொண்டு இந்த மூவரும் எப்படி வேலை செய்ய முடியும்?

குரூனே ஆர்சிஎஸ் கருவியின் மேல் சில சிறு நிரல்களை எழுதினார். பூட்டே கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக நகல் எடுத்துத் திருத்தலாம், முடித்ததும் மற்றவர்களின் மாற்றங்களோடு இணைத்துக்கொள்ளலாம். இதுதான் சிவிஎஸ். 1986இல் அதைப் பொதுவில் வெளியிட்டார். 1989இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் புதிதாக எழுதினார். அவர் வேலை பார்த்த பிரிஸ்மா நிறுவனம் சன் நிறுவனத்தின் இயக்குதளத்தை வாங்கித் தனக்கேற்ப மாற்றிக்கொண்டிருந்தது. சன் புதிய பதிப்பு வெளியிடும் போதெல்லாம் தங்கள் மாற்றங்களை அதனுடன் மறுபடி சேர்க்க வேண்டும். வெளியார் நிரலுக்கென்றே ஒரு தனிக் கிளை என்ற ஏற்பாடு சிவிஎஸ் கருவிக்குள் வந்தது இந்தத் தேவையால்தான்.

1990களில் திறந்த மூல மென்பொருள் உலகம் முழுக்க சிவிஎஸ் பரவியது. ஆனால் அதற்கு இரண்டு பெரிய குறைகள். முதலாவது, கிளை திறக்க வேண்டுமானால் ஒவ்வொரு கோப்பிலும் போய் ஒரு குறியை எழுத வேண்டும். பத்தாயிரம் கோப்புகள் இருந்தால் பத்தாயிரம் தடவை. இரண்டாவது குறைதான் உண்மையில் கொடுமையானது. ஒரு கிளையை அடிமரத்தோடு இணைத்தால், இணைத்த செய்தியையே சிவிஎஸ் நினைவில் வைத்துக்கொள்ளாது! ஒரு மாதம் கழித்து அதே கிளையை மறுபடி இணைத்தால், ஏற்கெனவே சேர்ந்த மாற்றங்களையும் திரும்பச் சேர்க்கப் பார்க்கும். தலைமை அலுவலகம் ஏற்கெனவே வரவு வைத்த பணத்தை அடுத்த மாதமும் வரவு வைப்பது போல. இதைத் தவிர்க்க நிரலாளரே ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் கையால் ஓர் அடையாளக் குறி வைக்க வேண்டும். குறி வைக்க மறந்தால் தொலைந்தது. கிளை என்றாலே அனுபவசாலிகள் அஞ்சியது இதனால்தான்.

மனிதர்கள் கிளை விட்டால்...

கருவி கொடுத்த பயம் ஒரு பக்கம் இருக்க, மனிதர்களே பிரிந்து போன கதைகளும் அந்தக் காலத்தில் நடந்தன. 1991இல் ஈமாக்ஸ் என்ற புகழ்பெற்ற உரைத்தொகுப்பியில் கருத்து வேறுபாடு வந்து லூசிட் என்ற நிறுவனத்தின் நிரலாளர்கள் தனிப்பதிப்பு வெளியிட்டார்கள். பிற்பாடு எக்ஸ்ஈமாக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தப் பதிப்பு கடைசி வரை தாய்ப்பதிப்போடு சேரவே இல்லை. ஒரே வேலையை இரண்டு குழுக்கள் ஆண்டுக்கணக்கில் இரண்டு முறை செய்தன.

இதற்கு நேர்மாறான கதை ஜிசிசி மொழிமாற்றியுடையது. புதிய மாற்றங்களைச் சேர்ப்பதில் தாமதம் என்று சலித்துப்போன சிலர் 1997இல் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் பிரிந்தார்கள். புதிய வழி வேகமாக வளர்ந்தது. 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஒரு பெருந்தன்மையான முடிவெடுத்தது. பிரிந்து போன ஈஜிசிஎஸ் குழுவையே ஜிசிசியின் அதிகாரபூர்வப் பராமரிப்பாளர்களாக ஏற்றுக்கொண்டது. கிளையே அடிமரம் ஆயிற்று! இரண்டு ஆண்டுக்குள் திரும்பியதால் சேர முடிந்தது. இன்னும் பத்து ஆண்டு விட்டிருந்தால் எக்ஸ்ஈமாக்ஸ் கதைதான்.

கிளை மலிவானது (2000 - 2008)

சிவிஎஸ் குறைகளைக் களைய 2000இல் கொலாப்நெட் நிறுவனத்தின் ஆதரவில் கார்ல் ஃபோகல், ஜிம் பிளாண்டி, பென் காலின்ஸ்-சஸ்மன் முதலியோர் சப்வெர்ஷன் என்ற கருவியைத் தொடங்கினார்கள். 2004 பிப்ரவரியில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. இதில் கிளை என்பது ஓர் அடைவின் நகல், அவ்வளவுதான். அதுவும் உண்மையான நகல்கூட இல்லை. "இந்த அடைவு அந்த அடைவைப் போலவே" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படும். மாறும் கோப்புக்கு மட்டும் புதிய இடம் பிடிக்கும். கோப்புகள் பத்தோ, பத்தாயிரமோ, கிளை திறக்க ஒரே நேரம்தான்.

பிரிவதற்கான விலை இப்படி அடியோடு விழுந்தது. சேர்வதற்கான விலை? அது அப்படியே இருந்தது. எந்த மாற்றம் ஏற்கெனவே இணைந்தது என்ற நினைவு சப்வெர்ஷனிலும் தொடக்கத்தில் கிடையாது. 2008 ஜூனில் வந்த 1.5 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. நான்கு ஆண்டுகளாக மக்கள் கிளைகளை மலிவாகத் திறந்து, இணைக்கும்போது கையால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கடன் சுலபமாகக் கிடைத்தால் திருப்பிக் கட்டுவதும் சுலபம் என்று ஆகிவிடுமா என்ன?

பிட்கீப்பர் சண்டை (1998 - 2005)

இதற்கிடையே லினக்ஸ் உலகில் வேறு நாடகம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலுக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியே கிடையாது. உலகம் முழுவதிலுமிருந்து நிரலாளர்கள் மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். டோர்வால்ட்ஸ் ஒவ்வொன்றாகப் படித்துச் சேர்ப்பார். கூட்டம் பெருகப் பெருக அனுப்பிய மாற்றங்கள் காணாமல் போகத் தொடங்கின. மறுபடி அனுப்பு, மறுபடியும் அனுப்பு என்றே காலம் போனது. 1998இல் இது பெரிய வாக்குவாதமாக வெடித்தது.

அப்போது லாரி மெக்வாய் ஒரு யோசனை சொன்னார். அவர் முன்பு சன் நிறுவனத்தில் இத்தகைய கருவி ஒன்றை வடிவமைத்தவர். நடுவில் ஒரே சர்வர் என்ற முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிரலாளரிடமும் முழு வரலாறும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் நகலும் ஒரு கிளை. யாரும் யாருடனும் இணைக்கலாம். இந்த முறையில் அவர் உருவாக்கிய கருவிதான் பிட்கீப்பர். 2002 பிப்ரவரியில் டோர்வால்ட்ஸ் அதற்கு மாறினார். வேலை சட்டென்று வேகம் பிடித்தது.

ஆனால் பிட்கீப்பர் விற்பனைக்கான மென்பொருள். திறந்த மூல நிரலாளர்களுக்கு இலவசமாகத் தந்தாலும் அதற்கு நிபந்தனை உண்டு. அதைப் பயன்படுத்துபவர் போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது! கட்டற்ற மென்பொருளின் தலைமகன் போன்ற லினக்ஸின் வரலாறு முழுவதும் ஒரு தனியார் பெட்டகத்தில், சாவி வேறொருவர் கையில். ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

2005இல் அந்தப் பயம் நிஜமானது. சாம்பா மென்பொருளை உருவாக்கிய ஆஸ்திரேலிய நிரலாளர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோடு பேசக்கூடிய ஒரு கட்டற்ற கருவியை எழுதத் தொடங்கினார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அந்த ஏப்ரலில் கான்பெரா நகரில் நடந்த மாநாட்டில் செய்தே காட்டினார். சர்வரோடு சாதாரணமாகத் தொடர்புகொண்டு "உதவி" என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். சர்வரே தன் கட்டளைகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டது. அரங்கம் சிரித்தது. மெக்வாய் சிரிக்கவில்லை. இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார். உலகின் மிகப் பெரிய கூட்டு மென்பொருள் திட்டங்களில் ஒன்று, ஒரே நாளில் குறிப்பேடு இல்லாமல் நின்றது.

பதினைந்து நாளில் கிட்

டோர்வால்ட்ஸ் இருந்த கருவிகளை எல்லாம் பார்த்தார். எதுவும் லினக்ஸின் வேகத்துக்குத் தாங்காது என்று முடிவு கட்டினார். 2005 ஏப்ரல் 3 அன்று தானே எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று அந்தக் கருவி தன் சொந்த மூலநிரலைத் தானே பராமரிக்கத் தொடங்கியது. ஏப்ரல் 18 அன்று அதில் முதல் கிளை இணைப்பு நடந்தது. ஜூன் 16 அன்று லினக்ஸ் 2.6.12 பதிப்பு அந்தக் கருவியின் பொறுப்பில் வெளிவந்தது. அதுதான் கிட். ஜூலை மாதம் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டு டோர்வால்ட்ஸ் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார்.

கிட் செய்த மாயம் என்ன? ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவு எது என்பதைத் தன்னுள்ளேயே எழுதிக்கொள்கிறது. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுத்த 40 எழுத்து அடையாளம் அதன் பெயராகிறது. இரண்டு கிளைகள் இணைந்தால் அந்த இணைப்புப் பதிவு, இரண்டு பெற்றோர்களையும் எழுதி வைக்கும். ஆகவே எந்த இரண்டு கிளைகளைக் கொடுத்தாலும், பெற்றோர் வழியே பின்னால் போய் அவை கடைசியாக எங்கே ஒன்றாக இருந்தன என்பதை கிட் தானே கண்டுபிடித்துவிடும். யாரும் குறி வைக்க வேண்டாம், நினைவு வைக்க வேண்டாம். ஏப்ரல் 1 விலைப்பட்டியல் எப்போதும் கையில் இருக்கிறது!

கிளை என்பது இதில் என்ன? ஏதோ ஒரு பதிவைச் சுட்டும் சிறு கோப்பு. 40 எழுத்தும் ஒரு வரிமுடிவுமாக 41 பைட். பத்தாயிரம் கோப்புகளில் குறி எழுதிய காலம் போய், ஒரு குறுஞ்செய்தியை விடச் சிறியதாகிவிட்டது கிளை. 2014 ஜனவரியில் லினக்ஸில் ஒரே பதிவில் 66 பெற்றோர்கள் இணைந்த வேடிக்கையும் நடந்தது. அதைப் பார்த்து டோர்வால்ட்ஸே அரண்டு போய், எண்கால் மீனை எல்லாம் தாண்டிய ராட்சதம் இது என்று கேலி செய்தார்.

பிட்கீப்பர் என்ன ஆனது? 2016 மே மாதம் அதன் மூலநிரலும் திறந்து விடப்பட்டது. பதினொரு ஆண்டு தாமதம். அதற்குள் 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளம் உலகெங்கும் பரவிவிட்டிருந்தது. அந்தத் தளத்தை மட்டும் 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

மலிவானதால் வந்த வினை

கதை இங்கே சுபம் என்று முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கருவியால் தீர்க்க முடியாத ஒரு பங்கு மிச்சம் இருந்தது.

மறுபடி அந்த விலைப்பட்டியலுக்கு வருவோம். வடக்குக் கிளை எல்லா விலைகளையும் வரி நீங்கலாக மாற்றி, பில் போடும்போது வரியைச் சேர்த்துக்கொள்ளும்படி செய்கிறது. அதே மாதம் தெற்குக் கிளை ஒரு புதிய பொருளைப் பட்டியலில் சேர்க்கிறது, பழைய வழக்கப்படி வரி உட்பட. இருவரும் தொட்ட வரிகள் வேறு வேறு. கருவி எந்த முரணும் இல்லை என்று சொல்லி அழகாக இணைத்துவிடும். ஆனால் அந்தப் புதிய பொருளுக்கு மட்டும் வாடிக்கையாளர் இரண்டு முறை வரி கட்டுவார்! எழுத்தில் மோதாமல் அர்த்தத்தில் மோதும் இத்தகைய பிழைகள், கிளைகள் பிரிந்திருக்கும் நாள் கூடக் கூடப் பெருகும்.

மைக்ரோசாஃப்ட் இதைப் பெரிய அளவில் அனுபவித்தது. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. அடுத்த பெரிய பதிப்பான விஸ்டா பொதுமக்களிடம் வந்தது 2007 ஜனவரியில். நடுவே 2004 ஆகஸ்டில் அதுவரை செய்ததில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கிளைகளின் அடுக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கிளை, அதற்கு மேல் பிரிவுக் கிளை, அதற்கும் மேல் மூலக் கிளை. ஒரு குழு செய்த மாற்றம் மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கி இன்னொரு குழுவை அடைய வாரங்களும் மாதங்களும் ஆயின என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் எழுதினார்கள். தபால் ஆபீஸ் வேகத்தில் நடந்த உரையாடல்!

கிட் வந்த பிறகும் இந்த ஆசை விடவில்லை. 2010 ஜனவரியில் வின்சென்ட் டிரீசன் என்ற நெதர்லாந்து நிரலாளர், கிளைகளை எப்படி நிர்வகிப்பது என்று ஒரு திட்டம் எழுதினார். வளர்ச்சிக்கு ஒரு கிளை, வெளியீட்டுக்கு ஒரு கிளை, ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கிளை, அவசரத் திருத்தத்துக்கு ஒரு கிளை என்று வண்ணப் படத்தோடு விளக்கினார். கிட்ஃப்ளோ என்ற பெயரில் அது உலகம் முழுக்க வேதவாக்கு ஆனது. தினமும் பத்து முறை மாறும் இணையதளத்துக்கும் அதே ஐந்து வகைக் கிளை, ஆண்டுக்கு ஒரு முறை வெளியாகும் மென்பொருளுக்கும் அதே. 2020 மார்ச்சில் டிரீசனே தன் கட்டுரையின் தலையில் ஒரு குறிப்புச் சேர்த்தார்: தொடர்ந்து வெளியிடப்படும் இணைய மென்பொருளுக்கு இதைவிட எளிய முறையே போதும், எல்லோருக்கும் இது மருந்து என்று நினைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். தன் புகழ்பெற்ற யோசனைக்குத் தானே எல்லை வகுக்க மனம் வேண்டும்.

கிளையே வேண்டாமா?

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. கூகுள் நிறுவனம் தன் நிரலில் பெரும்பகுதியை ஒரே களஞ்சியத்தில் வைத்திருப்பதாக 2016இல் அதன் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை சொன்னது. ஏறத்தாழ 200 கோடி வரிகள், 86 டெராபைட், 25,000 நிரலாளர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நேராக அடிமரத்திலேயே வேலை செய்தார்கள். வெளியீட்டுக்காக மட்டும் கிளை. முடியாத வேலையை எங்கே வைப்பது? அடிமரத்திலேயே வைத்து, ஒரு சுவிட்ச் போட்டு அணைத்து வைப்பார்கள். தயாரானதும் சுவிட்சைப் போடுவார்கள். தினமும் இணைத்துவிட்டால் சரிகட்ட ஒரு நாள் வித்தியாசம்தான் இருக்கும் என்பது இதன் தத்துவம். வங்கிச் சரிகட்டும் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை போடுவதற்கும் தினமும் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் சுவிட்சும் இலவசம் இல்லை. பங்குச் சந்தை பற்றிப் படிப்பவர்கள் நைட் கேபிடல் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் ஒரு புதிய நிரலை இயக்கியது. பல ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு பழைய நிரல் அகற்றப்படாமல் உள்ளேயே கிடந்தது. அதற்குரிய சுவிட்சையே புதிய வேலைக்கும் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. அந்த ஒன்றில் சுவிட்ச் போட்டதும் பழைய பூதம் கிளம்பிவிட்டது. 45 நிமிடத்தில் லட்சக்கணக்கான தவறான ஆர்டர்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. பிரிந்து கிடக்கும் பழைய நிரல் கிளையில் இருந்தாலும் சரி, சுவிட்சுக்குப் பின்னால் இருந்தாலும் சரி, கணக்கு முடிக்காமல் விட்டால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

திரும்பவே தேவையில்லாத கிளைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைத்தான் மொழியின் 3.0 பதிப்பு 2008இல் வந்த பிறகும், பழைய 2.7 பதிப்பை 2020 ஜனவரி 1 வரை தனிக் கிளையாகப் பராமரித்தார்கள். அது சேர்வதற்காகப் பிரிந்த கிளை அல்ல. பழைய பயனர்களுக்குக் கொடுத்த வாக்கு. அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது, அந்தத் தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது.

லினக்ஸ் கண்டுபிடித்த வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கலாம். ஆனால் புதிய வசதிகளை அடிமரத்தில் சேர்க்க, ஒவ்வொரு பதிப்பின் தொடக்கத்திலும் இரண்டு வாரம் மட்டுமே கதவு திறந்திருக்கும். மற்ற ஏழெட்டு வாரமும் திருத்தம் மட்டும். அந்தக் கதவு திறக்கும் முன்பே மோதல்கள் தெரிய வேண்டும் என்பதற்காக, 2008இல் ஸ்டீஃபன் ராத்வெல் எல்லாக் கிளைகளையும் அன்றாடம் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் ஒரு தனி ஏற்பாட்டைத் தொடங்கினார். கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்ப்பது போல! மோதினால் உரியவர்களுக்கு உடனே கடிதம் போகும்.

1972லிருந்து இன்று வரை பார்த்தால், பிரிவதற்கான செலவைக் கருவிகள் 41 பைட்டாகக் குறைத்துவிட்டன. எங்கே பிரிந்தோம் என்ற நினைவையும் கருவியே வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நாள் பிரிந்திருப்பது என்பதை மட்டும் இன்னும் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். விஸ்டாவும் எக்ஸ்ஈமாக்ஸும் மாட்டிக்கொண்டது அங்கேதான்; ஜிசிசியும் லினக்ஸும் தப்பித்ததும் அங்கேதான்.

நிரல் எழுதாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நான்கு பேர் சேர்ந்து எழுதும் புராஜெக்ட் அறிக்கையில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று கோப்புகள் முளைக்கின்றனவே, அவை எல்லாம் கிளைகள்தான் :-) சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தைய இரவு நான்கையும் ஒட்ட வைக்க முயல்பவர்கள் 1990களின் சிவிஎஸ் காலத்தில் வாழ்கிறார்கள். எல்லோரும் எடுத்துச் சென்ற முதல் பிரதியை ஒருவர் பத்திரமாக வைத்திருப்பதும், இரண்டு நாளைக்கு ஒரு முறை நான்கு பேரும் உட்கார்ந்து சேர்த்துப் பார்ப்பதும் போதும். அதற்குக் கணினி அறிவுகூடத் தேவையில்லை.